கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ரோபோ

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மகன் மெத்ஸ் படிச்சா என்னவா வரலாம் சேர்?" பதவியின் பெயரைச் சொல்வதை விட ஒரு மனிதரின் கல்விப் பயணத்தைச் சொல்வது பயன் தரும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ரோபோவியல் பேராசிரியராக இருப்பவர் திரிஷாந்த நாணாயக்கார. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1996இல் மின் பொறியியல் பட்டமும், ஜப்பானின் சாகா பல்கலைக்கழகத்தில் 2001இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பின்னர் மொறட்டுவைக்குத் திரும்பிக் கற்பித்தார்.

ஒரு ரோபோவுக்கு மூன்று வேலைகள் உண்டு: சூழலை அறிதல், முடிவெடுத்தல், அசைதல். கமெராவின் படத்திலிருந்து பொருளை அறிவது கணினிப் பார்வை. போக வேண்டிய இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, கணத்துக்குக் கணம் திருத்திக்கொள்வது கட்டுப்பாட்டியல். இரண்டுக்கும் அடிப்படை, நம் பிள்ளைகள் இணைந்த கணிதத்தில் படிக்கும் காவிகளும் வகையீடும்தான்.

ஆனால் கமெராவால் காண முடியாத இடத்தில் என்ன செய்வது?

மாத்தளை நகரைக் கடக்கும் ஏ9 வீதியில் வடக்கே போனால் முகமாலை வரும். யுத்தம் அங்கே மிதிவெடிகளை விட்டுச் சென்றது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்கள் மீளக் குடியேறுவதற்கும் பல இடங்களில் மிதிவெடி அகற்றப்பட வேண்டியிருந்தது. மண்ணுக்குள் புதைந்ததைக் கமெரா காணாது. உலோகம் தேடும் கருவியோ பழைய ஆணிக்கும் ஒலி எழுப்பும்.

நாணாயக்காரவின் குழு கீரியை நாடியது. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கக் கீரியைப் பழக்கி, சிறிய ரோபோ ஒன்றுடன் இணைத்தார்கள். கீரி மணத்தைத் தேடும், ரோபோ அதை வழிநடத்தும், மனிதன் ஆபத்துக்கு வெளியே நிற்பான்.

பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியில், புகை மூடிய கட்டடத்தில் தீயணைப்பு வீரரை அழைத்துச் செல்லும் ரோபோ பற்றி ஆராய்ந்தார். வழி பற்றிய தகவல் வீரரின் கைக்கு அதிர்வாக வந்து சேரும். இம்பீரியலில் அவரது குழு 2022இல், வயிற்றை அழுத்தினால் முகத்தில் வலியைக் காட்டும் ரோபோ நோயாளியை அறிமுகப்படுத்தியது. மருத்துவ மாணவர் அதில் பழகலாம்.

மண், புகை, உடல். மூன்றிலும் கேள்வி ஒன்றே: கண்ணால் காண முடியாததை எப்படி அறிவது? பல்கலைக்கழகங்கள் மாறின, அந்தக் கேள்வி மாறவில்லை.

ஆகவே பிள்ளையிடம் "என்னவாகப் போகிறாய்?" என்பதோடு, "எந்தப் பிரச்சினையைத் தீர்க்க விரும்புகிறாய்?" என்றும் கேட்போம். திறமை இருந்தும், பௌதிகவியல் கற்பிக்க ஆசிரியர் இல்லை என்பதற்காக மட்டும் வேறு பிரிவுக்குப் போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து வார இறுதி வகுப்பொன்றுக்கு வழி செய்தால், அடுத்த கேள்வி நம்மூர்ப் பிள்ளையிடமிருந்து வரும், இன்ஷா அல்லாஹ்.