அட்வான்ஸ் கொடுக்கும் முன்

“பத்திரம் பதிஞ்சாச்சுன்னா முடிஞ்சது சார், கவர்மென்ட்டே சீல் வெச்சுக் கொடுத்துடுது” என்று தரகர் சொன்னால், அவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருப்பார். முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். டீ ஆறுவதற்குள் இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் சரிசெய்துகொண்டால் போதும், மற்ற வேலைகளெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

சார் பதிவாளர் அலுவலகத்தில் என்ன பார்க்கிறார்கள்? வந்திருப்பவர் ஆவணத்தில் சொல்லப்பட்ட ஆள்தானா, கையெழுத்து தன்னுடையது என்று எழுதிக்கொடுப்பவர் ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சரியாகக் கட்டப்பட்டிருக்கின்றனவா, இந்த ஆவணத்தைப் பதியச் சட்டத்தில் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விற்பவருக்கு அந்தச் சொத்தில் உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று விசாரித்து முடிவு சொல்வது சார் பதிவாளர் வேலை அல்ல. தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-யின் ஒரு பகுதி செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இதைத்தான் திட்டவட்டமாகச் சொன்னது. விற்பவரிடம் இல்லாத உரிமையைப் பதிவு உண்டாக்கித் தராது. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குகிறவர் தலையில்தான். அதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும். பணம் கைமாறிய பிறகு கேள்வி கேட்டால் பதில் வரும் வேகம் குறைந்துவிடும்.

பேச்சுக்கு, தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை 60 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்க வேண்டியது தாய்ப் பத்திரம். அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ‘1987-இல் அப்பா கிரையம் வாங்கினார். 2003-இல் காலமானார். 2006-இல் இரண்டு மகன்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். இப்போது இளைய மகன் விற்கிறார்.’ பார்க்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த அப்பாவுக்கு மகள் இருந்தாரா? அவர் மறைந்தபோது மனைவியும் தாயாரும் உயிரோடு இருந்தார்களா? பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து எங்கே?

இங்கேதான் பல வீடுகள் வழக்கில் மாட்டுகின்றன. இந்து ஒருவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் காலமானால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. ‘கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்பதெல்லாம் சட்டத்தின் முன் நிற்காது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அது அப்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மட்டும் பொருந்தியது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. தந்தை 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. ஆகவே வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கையெழுத்தோ பதிவான விடுதலைப் பத்திரமோ இருக்க வேண்டும். வாரிசுகளில் யாராவது மைனராக இருந்து, அவர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் அது தனிச் சிக்கல். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டம் வேறு. கணக்கும் வேறாக வரும்.

தாய்ப் பத்திரத்தைக் கேட்டதும் ஜெராக்ஸை நீட்டுவார்கள். படித்துப் பார்க்க அது போதும். ஆனால் அட்வான்ஸுக்கு முன் ஒருமுறையாவது ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஒரிஜினல் வங்கியிலோ வட்டிக்குக் கொடுத்தவர் பீரோவிலோ இருக்கலாம். ‘தொலைஞ்சு போச்சு’ என்றால், போலீஸில் புகார் கொடுத்து வாங்கிய கண்டுபிடிக்க இயலாச் சான்று, பத்திரிகை அறிவிப்பு, பதிவுத்துறையின் சான்றிட்ட நகல் மூன்றையும் கேளுங்கள்.

அடுத்தது வில்லங்கச் சான்று, எல்லோர் வாயிலும் ‘ஈ.சி.’. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் நீங்களே எடுக்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் போடுங்கள். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, ஆவணத்தின் தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் தாளில் எழுதிய வரிசையும் இதுவும் பொருந்த வேண்டும். ‘உரிமை ஆவண ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு இருந்தால் வீடு வங்கியில் அடமானத்தில் இருந்திருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே எங்காவது ‘ரசீது’ என்ற பதிவு வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் ஏட்டின்படி கடன் இன்னும் உயிரோடு இருக்கிறது. சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியாக ஈ.சி. போட வேண்டும். புதிய எண்ணுக்கு மட்டும் போட்டுவிட்டு ‘வில்லங்கம் இல்லை’ என்று நிம்மதியாக இருப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

ஈ.சி. மொய் நோட்டு மாதிரி. எழுதியவர் பெயர் இருக்கும். நோட்டில் ஏறாமல் கையில் கொடுத்தவர் பெயர் இருக்காது. பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, எழுத்தில்லாமல் பத்திரத்தை மட்டும் அடகு வைத்து வாங்கிய கடன், வீட்டு வரிப் பாக்கி எதுவும் அதில் வராது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கும் பெரும்பாலும் அதில் தெரியாது. வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், அதன் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். அதனால் இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வங்கிக் கடன்களுக்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது. அதிலும் ஒரு பார்வை பாருங்கள். பிறகு அந்தத் தெருவிலேயே பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள். அண்ணன் தம்பித் தகராறு எந்தச் சான்றிலும் வராது, தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

பத்திரம் பதிவுத்துறையின் காகிதம். பட்டா வருவாய்த்துறையின் காகிதம். இரண்டும் ஒரே மனையைத்தான் சொல்கின்றனவா? பட்டா விவரமும் புலப்படமும் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையச் சேவையில் கிடைக்கின்றன. பத்திரத்தில் 1,200 சதுர அடி என்று இருந்து, பட்டாவில் குறைவாக இருந்தால் எது சரி என்று சர்வேயர் அளந்து சொல்லட்டும். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால், பதிவுக்கு முன் விற்பவரே மாற்றித் தரட்டும். பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரமாகிவிடாது; ஆனால் நிலம் புறம்போக்காகவோ கோயில் நிலமாகவோ இருந்தால் அது வருவாய்க் கணக்கில்தான் முதலில் தெரியும். மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகு, பழைய மனைகளுக்காக 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில் வரன்முறை செய்திருந்தால் அதற்கான ஆணை இருக்கும். கட்டட அனுமதி வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் தரைதளம் மட்டும் இருந்து, நேரில் மாடி எழும்பியிருந்தால், அந்த மாடி உங்களுக்கு வரும் வம்பு.

விற்பவர் வராமல் பவர் ஏஜென்ட் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் செத்துவிடும். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவரின் சான்று கேட்கிறார்கள். சான்று இருந்தாலும் அவரிடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பவர் பத்திரத்தையே வீட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடு என்றால், 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் பெரிய துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ எழும் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குக் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

இப்போது பணக் கணக்கு. தனி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் இந்தக் கணக்கு. 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். ஆக உச்சமாக 48 லட்சம். மீதி 12 லட்சமும் பதிவுச் செலவும் சேர்ந்து 17 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். தரகர் கமிஷன், வக்கீல் கட்டணம், எழுத்துக் கூலி தனி. பெரும்பாலோர் கைமாற்று வாங்க ஓடுவது இந்தக் கணக்கை முன்னாலேயே போடாததால்தான். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை டி.டி.எஸ். ஆகப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குகிறவர். இங்கே 60,000 ரூபாய். அது விலைக்குள்ளேயே அடக்கம். மீதியைத்தான் விற்பவரிடம் கொடுக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

‘பாதியை பிளாக்ல கொடுங்க, பத்திரச் செலவு மிச்சம்’ என்பார்கள். பத்திரத்தில் காட்டாத பணத்துக்கு வங்கி கடன் தராது. நாளைக்கு ஒப்பந்தம் முறிந்தால் கொடுத்ததற்கு ஆதாரமும் இருக்காது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

காகிதமெல்லாம் சரி என்று உங்கள் வக்கீல் எழுத்தில் சொன்ன பிறகுதான் ஒப்பந்தம். வங்கி வக்கீல் பார்ப்பாரே என்று விட்டுவிட வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. ‘இன்னும் ரெண்டு பார்ட்டி பார்த்துட்டுப் போயிருக்காங்க, டோக்கனாவது போடுங்க’ என்ற அவசரத்துக்கு மசிய வேண்டாம். காகிதம் சுத்தமாக வைத்திருப்பவர் ஜெராக்ஸ் கொடுக்கத் தயங்க மாட்டார். ஒப்பந்தத்தில் விலை, அட்வான்ஸ், பதிவுக்கான கெடு இவற்றோடு இரண்டு வரி கட்டாயம் இருக்கட்டும்: உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவதும் கட்டாயம். வெறும் 20 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி முடித்துவிடாதீர்கள்.

பதிவு நாளுக்கு முந்தைய நாள் ஈ.சி.யை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையே ஒரு புதுப் பதிவு நுழைந்திருக்கலாம். முகூர்த்த நாளில் டோக்கன் கூட்டம் நெரியும். எழுத்தர் அவசரப்படுத்தினாலும், பத்திரத்தின் கடைசியில் உள்ள சொத்து விவரத்தை ஒருவர் வாசிக்க மற்றவர் பழைய பத்திரத்தை வைத்துச் சரிபாருங்கள். ‘வடக்கே பொதுப் பாதை’ என்பது ‘தெற்கே’ என்று மாறினாலும், சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தப்பினாலும், பிறகு பிழைதிருத்தல் பத்திரத்துக்கு விற்றவரைத் தேடிப் போக வேண்டும். அவர் வெளியூர் போயிருப்பார், அல்லது மனம் மாறியிருப்பார்.

பதிந்த சில வாரத்தில் உங்கள் பெயர் ஏறிய ஈ.சி.யை எடுத்து வையுங்கள். உட்பிரிவு தேவையில்லாத மனை என்றால் பட்டா மாறுதல் பதிவோடு சேர்ந்தே நகரும். உட்பிரிவு தேவை என்றால் சர்வேயர் வந்து அளக்கும்வரை விடாமல் கேட்க வேண்டும். வீட்டு வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு ஆகியவற்றிலும் பெயரை மாற்றிவிடுங்கள்.

பிறகு மாதத் தவணை. அது என்றைக்காவது முடியும். முடிந்ததும் 30 நாளுக்குள் ஒரிஜினல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு கட்ட வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. பத்திரத்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வங்கியின் ரசீதையும் பதிவு செய்து, அடமானம் ரத்தானது ஈ.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உங்கள் வீட்டை வாங்க வருகிறவர், நீங்கள் இன்று கேட்கும் இதே கேள்வியை உங்களிடம் கேட்பார்.