தறிக்குப் பிறகு எந்த வேலை? காஞ்சிபுரம் காட்டும் ‘ஆட்டோமேஷன்’ வழி!

காஞ்சிபுரத்தில் விடிந்ததும் இரண்டு சத்தங்கள் கேட்கும். ஒன்று, பிள்ளையார்பாளையத்து வீடுகளுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தம். இன்னொன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்ஸின் ஹாரன்.

அப்பா தறியில், பிள்ளை பஸ்ஸில். பல நெசவாளர் வீடுகளில் இன்று இதுதான் நிலவரம். “இந்தக் குழித்தறி எங்களோடு போகட்டும். நீ படித்து வேலைக்குப் போ” என்று பெற்றவர்களே சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால், எந்த வேலைக்கு என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரே தொழிற்சாலைக்குள் இரண்டு வகை வேலைகள் உண்டு. ஓர் இயந்திரத்தின் முன் நின்று நாள் முழுக்க ஒரே காரியத்தைச் செய்வது ஒன்று. அந்த இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பதும், அது நின்றுபோனால் காரணம் கண்டுபிடித்து ஓடவைப்பதும் இன்னொன்று. இரண்டாவது வேலைக்குப் பெயர்தான் ‘இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன்’. இரண்டுக்கும் போவது ஒரே பஸ்தான். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் வாழ்க்கை வேறு வேறாக இருக்கும்.

மொட்டை மாடியில் ஒரு பாடம்

ஆட்டோமேஷன் என்றதும் ரோபோவை நினைத்து மிரள வேண்டாம். மொட்டை மாடி டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கிறதே, அதுவும் ஆட்டோமேஷன்தான். தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது சென்சார். ‘போதும், நிறுத்து’ என்று முடிவெடுப்பது கன்ட்ரோலர். சொன்னதைச் செய்வது மோட்டார். பார்ப்பது, முடிவெடுப்பது, செய்வது... இந்த மூன்றையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால், கார் தொழிற்சாலையின் வெல்டிங் ரோபோவும் பால் பாக்கெட் நிரப்பும் இயந்திரமும் புரிந்துவிடும்.

பட்டு ஊரில் பிறந்த யோசனை

இந்த யோசனையின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று, தறி! பிரான்ஸில் லியோன் என்று ஓர் ஊர். காஞ்சியைப் போலவே பட்டுக்குப் பேர்போனது. அங்கே பூ வேலைப்பாடு நெய்ய, பாவு நூல்களைத் தூக்கிவிடத் தனியாக ஓர் ஆள், பெரும்பாலும் ஒரு சிறுவன், கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 1804-ல் ஜோசப் மரி ஜக்கார்டு அந்த வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் கொடுத்தார். துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும். இல்லாவிட்டால் நூல் அப்படியே இருக்கும்.

பிழைப்பு போய்விடும் என்று லியோன் நெசவாளர்கள் கொதித்தார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. கயிறு இழுத்தவர்களின் வேலை போகத்தான் செய்தது. ஆனால், டிசைனைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அட்டையில் துளையாக மாற்றத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியது. பின்னாளில் கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜ், தன் இயந்திரத்துக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி அந்தப் பரம்பரைதான். கட்டத்தாளில் மயிலையும் யாளியையும் வரைந்து அட்டையாக மாற்றிய இந்த ஊருக்கு, ‘புரோகிராம்’ என்பது புதுச் சரக்கே இல்லை. இப்போது சில தறிகளில் அட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் கம்ப்யூட்டர் டிசைனும் வந்துவிட்டன.

எலெக்ட்ரீஷியனுக்காக வந்த மொழி

இன்றைய தொழிற்சாலையின் மூளை, பி.எல்.சி. எனப்படும் பெட்டி. 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. கார் மாடல் மாறும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான ரிலேக்களின் ஒயர்களைப் பிரித்து மறுபடி இணைக்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக, டிக் மார்லி என்ற பொறியாளரின் குழு உருவாக்கிய ‘மோடிகான் 084’ 1969-ல் வந்தது. ஒயரைத் தொடாமல், புரோகிராமை மாற்றினால் போதும்.

இதற்கான ‘லேடர் லாஜிக்’ மொழி, எலெக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான சர்க்யூட் படம் போலவே ஏணி வடிவில் அமைந்தது. அதனால்தான் இன்றும் ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் ஒருவர் பி.எல்.சி. கற்றுக்கொண்டு இந்தத் துறைக்குள் நுழைய முடிகிறது. ‘பெரிய காலேஜில் படித்தால்தான் உண்டு’ என்று ஒதுங்க வேண்டியதில்லை.

நோக்கியா தந்த எச்சரிக்கை

ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி 1990-களின் கடைசியிலிருந்து தொழிற்சாலைகள் முளைத்தன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ-நிசான் வந்தது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையோ 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் வீடு திரும்பினார்கள்.

ஒரு போனின் ஒரு பாகத்தை மட்டும் பொருத்தப் பழகிய கைக்கு, அந்தப் போன் நின்றால் வேலையும் நின்றுவிடும். மோட்டார், சென்சார், கன்வேயர், பி.எல்.சி. ஆகியவற்றைப் படித்தவரின் நிலை வேறு. போன் ஆலையில் ஓடும் அதே கன்வேயர்தான் பிஸ்கட் ஆலையிலும் மருந்துக் கம்பெனியிலும் ஓடுகிறது. இந்தத் தொழிலின் உண்மையான மதிப்பு முதல் மாதச் சம்பளத்தில் இல்லை. ஒரு கம்பெனி மூடினாலும் கையோடு வரும் வித்தையில் இருக்கிறது.

கஷ்டமும் உண்டு. நள்ளிரவில் லைன் நின்றால் போன் வரும். மின்சாரத்தோடும் அசுர வேகத்தில் திரும்பும் ரோபோ கையோடும் பழக வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் இயந்திரத்துக்குள் கை வைக்கக் கூடாது என்பது இங்கே முதல் பாடம்.

எங்கே படிக்கலாம்?

தமிழக அரசு, டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ‘தொழில் 4.0’ மையங்களாகத் தரம் உயர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரோபோ இயக்கம், சி.என்.சி. இயந்திரம் போன்ற பயிற்சிகள் இவற்றில் உண்டு. டிப்ளமோவில் எலெக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், மெகாட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு.

தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் மூன்று கேள்வி கேட்கலாம். என் பிள்ளை இயந்திரத்தைத் தொட்டுப் பழகுமா, இல்லை கம்ப்யூட்டர் திரையோடு சரியா? எத்தனை பேருக்கு ஒரு பி.எல்.சி.? வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி, சரிசெய்யச் சொல்லிப் பயிற்சி தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லும் இடம்தான் தொழிலைக் கற்றுத்தரும்.

கை வேண்டிய இடம்

அப்படியானால் தறியையும் ஆட்டோமேஷனிடம் விட்டுவிடலாமா? கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்; இரண்டு பேர் மனமொத்து நெய்ய வேண்டும். கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் 1985-ம் ஆண்டுச் சட்டமும், காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் காப்பது இந்தக் கையைத்தான். எதை இயந்திரத்திடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பிரித்தறிவதும் ஆட்டோமேஷன் படித்தவரின் வேலைதான்.

தறிச் சத்தம் கொஞ்சம் மாறினாலே எங்கோ இழை அறுந்திருக்கிறது என்று நெசவாளருக்குத் தெரிந்துவிடும். உடனே நிறுத்தி, தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை விடுவார். தொழிற்சாலையில் இயந்திரம் நின்றதும் செய்ய வேண்டியதும் இதேதான். கம்பெனி பஸ் ஏறும் பிள்ளைகள், கிளம்புவதற்கு முன் ஒரு நாள் அப்பாவின் தறியருகே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகலாம்.