செங்கல்பட்டில் பிறந்த கடற்படைத் தளபதி

விடுதலைக்குப் பின் 1949 ஜனவரியிலேயே தரைப்படைக்குக் கரியப்பா தலைவரானார். விமானப்படை 1954இல் சுப்ரதோ முகர்ஜியின் கைக்கு வந்தது. கடற்படை மட்டும் மேலும் நான்கு ஆண்டுகள் ஆங்கிலேயர் தலைமையிலேயே இருந்தது. 1958 ஏப்ரல் 22 அன்று சர் ஸ்டீபன் கார்லிலிடமிருந்து பொறுப்பேற்ற முதல் இந்தியர் ராம் தாஸ் கட்டாரி. 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர்.

ஏன் இத்தனை தாமதம்? போர்க்கப்பல்களை வழிநடத்தும் தேர்ச்சி கடலில் பல ஆண்டுகள் கழித்தால்தான் வரும். வெள்ளையர் ஆட்சியில் அந்த வாய்ப்பு நம்மவர்களில் மிகச் சிலருக்கே, அதுவும் காலந்தாழ்த்தியே கிடைத்தது. கட்டாரியே நேர்வழியில் கடற்படைக்குள் வந்தவர் அல்லர். 1927இல் பம்பாயில் தொடங்கிய ‘டஃப்ரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் அணி மாணவர் அவர். வணிகக் கப்பல்களுக்கு அதிகாரிகளை உருவாக்கிய கப்பல் அது. பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி நதியை அளவிடும் வேலை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் தன்னார்வ ரிசர்வ் படையில் சேர்ந்தார். அந்தப் பக்கவாசல் வழியே வந்தவர், 1956இல் கடற்படைக் கப்பல் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரானார். சலுகையில் கிடைத்த உயர்வல்ல இது.

அவர் காலத்தில்தான் நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’ 1961இல் படையில் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோவா மீட்பு. போர்த்துகீசியப் போர்க்கப்பல் ‘அஃபோன்ஸோ டி அல்புகர்க்’ செயலிழந்தது. ஆனால் கோவாவை அடுத்த அஞ்சுதீவு என்ற தீவில் இறங்கிய நம் மாலுமிகளில் 7 பேர் உயிரிழந்தார்கள். வெற்றியைப் பேசும்போது அவர்களையும் சேர்த்தே பேச வேண்டும்.

1962இல் ஓய்வு பெற்றதும் ஆந்திர அரசு சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைவரானார். 1964இல் பர்மாவுக்குத் தூதர். போர்முனையை விடக் கடினமான பணி அது என்பேன். அங்கே ஆட்சியிலிருந்த நெ வின்னின் ராணுவ அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியிருந்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அந்த வேதனைக்கு நடுவிலும் இரு நாட்டு உறவு அறுந்துவிடாமல் இருந்தது. 1967 மார்ச்சில் எல்லை ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1969 வரை கட்டாரி அங்கே இருந்தார்.

1982இல் தன் நினைவுகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். மறு ஆண்டே காலமானார். செங்கல்பட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.