புகார்ப் பெட்டிக்குச் சாவி யாரிடம்?

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிரியாணி. அப்புறம் பூட்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. ஆனால் எந்தக் குறியீடும் இல்லாமலே நாடு முழுக்க அமோகமாக ஓடுகிற பூட்டு ஒன்று இருக்கிறது. 'வெளியே சொல்லாதே... குடும்ப மானம் போயிடும்' என்று பெண்பிள்ளைகளின் வாய்க்குப் போடுகிற பூட்டு. அதற்கு டூப்ளிகேட் சாவிகூடக் கிடையாது!

காலை எட்டு மணிக்குத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். வத்தலக்குண்டு, நத்தம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் என்று நாலா திசையிலிருந்தும் வருகிற பஸ்களிலிருந்து, பையும் டிபன் பாக்ஸுமாக இறங்குகிற மாணவிகள். இதில் பல பேர், அவர்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். அந்தக் கல்லூரிக்குள் ஒரு வாத்தியாரோ, சக மாணவனோ, அலுவலக ஊழியரோ தப்பாக நடந்தால் அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்? வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். "படிச்சது போதும், நாளையிலேருந்து வீட்ல இரு!"

தப்பு செய்தவன் மறுநாளும் வகுப்பெடுக்கப் போவான். தப்பே செய்யாதவளின் படிப்பு நிற்கும். இது எந்த ஊர்க் கணக்கு? பி.காம். படித்த எனக்குப் பற்று, வரவு கொஞ்சம் தெரியும். ஒருத்தன் வாங்கிய கடனை இன்னொருத்தி பேரில் எழுதுகிற கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

ரோட்டுக்கு ஏன் வந்தார்கள்?

2021 நவம்பர். திண்டுக்கல்லை அடுத்த முத்தனம்பட்டி பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரி மாணவிகள் திடீரென்று சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரித் தாளாளர் மீதே பாலியல் தொல்லைப் புகார். போக்சோ சட்டத்தில் வழக்கு பதிவானது. விடுதி வார்டன் கைதானார். தாளாளர் நீதிமன்றத்தில் சரணடைந்தார்.

குற்றம் உண்மையா என்று தீர்ப்பு சொல்வது நீதிமன்றத்தின் வேலை. நம்முடைய கேள்வி வேறு. நூறு அடி தூரத்தில் அலுவலகம் இருக்க, அந்தப் பெண்கள் ஏன் ரோட்டுக்கு வந்தார்கள்? புகாரே தாளாளர் மீது என்றால் அலுவலகத்தில் யாரிடம் மனு கொடுப்பது? தாளாளரிடமா?

2023 மார்ச்சில் சென்னை கலாக்ஷேத்ராவிலும் இதே காட்சிதான். மாணவிகள் வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகுதான் ஏப்ரலில் ஓர் உதவிப் பேராசிரியர் கைதானார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தால்தான் நாற்காலிகள் நகர்கின்றன!

காகிதத்தில் என்ன இருக்கிறது?

சட்டம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013-ல் அது சட்டமாகவே வந்தது. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கென்று யு.ஜி.சி. தனி ஒழுங்குமுறையை 2016 மே மாதம் வெளியிட்டது. காந்திகிராமம் கிராமியப் பல்கலையிலிருந்து கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வரை, அதன் கீழுள்ள கல்லூரிகள் வரை, எல்லோருக்கும் இது பொருந்தும்.

அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். ஐ.சி.சி. என்பார்கள். தலைவர், மூத்த பெண் ஆசிரியர். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அலுவலக ஊழியர்கள், வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மூன்று மாணவப் பிரதிநிதிகள். அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்கணும். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள்.

இன்னொரு விதி ரொம்ப முக்கியம். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் போன்ற பெரிய நாற்காலிக்காரர்கள் குழுவில் உறுப்பினராக இருக்கக் கூடாது. ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஹோட்டல் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்கிற புகாரை ஹோட்டல் முதலாளியே விசாரித்தால், 'உங்க நாக்குல கோளாறு சார்' என்றுதானே தீர்ப்பு வரும்?

சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தடுமாறினால் எழுதிக்கொடுக்க உதவுவது குழுவின் கடமை. புகார் கொடுக்கும் நிலையில் அந்தப் பெண் இல்லையென்றால், உறவினரோ தோழியோ கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடியணும். அடுத்த 10 நாளில் அறிக்கை. அப்பீல் இல்லையென்றால் 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கணும்.

இன்டர்னல் மார்க் பயம்

'எல்லாம் சரி சார், இன்டர்னல் மார்க் அந்த ஆள் கையிலதானே இருக்கு?' என்று கேட்பீர்கள். நியாயமான பயம். அதற்கும் விதி இருக்கிறது. விசாரணை நடக்கும்போது, புகாருக்கு ஆளானவர் அந்த மாணவியின் பேப்பரைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல் தடுக்கும்படி குழு பரிந்துரைக்கலாம். இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றலாம். மாணவிக்கு மூன்று மாதம் வரை விடுப்பும் கொடுக்கலாம். இதையெல்லாம் வாய் திறந்து கேட்டு வாங்கணும். முக்கால்வாசி பேருக்கு இப்படி ஒன்று கேட்கலாம் என்றே தெரியாது. புராஸ்பெக்டஸில் ஸ்விம்மிங் பூல் படம் பளபளவென்று இருக்கும். இது மட்டும் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில்!

இன்னொன்று. இது பெண்களுக்கு மட்டுமான பிரச்னை இல்லை. சில ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும்கூட இப்படிப் பாதிக்கப்படலாம் என்பதை யு.ஜி.சி.யின் விதியே ஒப்புக்கொள்கிறது.

'பொய்ப் புகார் கொடுத்தா?'

இளைஞர்கள் உடனே கேட்கிற கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. கோவா பல்கலைக்கழகத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 2009-ல் ஒரு துறைத் தலைவர் மீது மாணவிகள் புகார் கொடுத்தார்கள். குழு விசாரித்தது. வேலை போனது. அவர் விடாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2023 மே மாதம் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? விசாரணையை அவசர அவசரமாக முடித்து, அவருக்குத் தற்காத்துக்கொள்ளப் போதிய வாய்ப்பு தரவில்லை என்று சொல்லிப் பணிநீக்கத்தை ரத்து செய்தது. அவர் நிரபராதி என்று சொல்லவில்லை. 'முறைப்படி மறுபடியும் விசாரி' என்று குழுவுக்கே திருப்பி அனுப்பியது.

யோசித்துப் பாருங்கள். புகார் கொடுத்த மாணவிகளுக்குப் பதினாலு வருஷம் கழித்து, மறுபடியும் முதலிலிருந்து. குழு ஒழுங்காக நடந்தால் குற்றம் செய்யாதவன் தப்பிப்பான். ஒழுங்காக நடக்காவிட்டால் பாதிக்கப்பட்டவள்தான் மாட்டிக்கொள்வாள். ஆக, சரியான குழு வேண்டும் என்று கேட்பதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது.

புகாரை நிரூபிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்றும் சட்டம் சொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று தனியாக நிரூபித்தால்தான் தண்டனை.

போலீஸ் வழி

கல்லூரிக் குழுவுக்குப் போனால் போலீஸுக்குப் போகக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகலாம். போலீஸில் புகார் கொடுக்க மாணவி விரும்பினால் அதற்கு உதவ வேண்டியதும் கல்லூரிக் குழுதான். மூன்று மாதக் கெடு போலீஸுக்குக் கிடையாது. சம்பவம் நடந்த எல்லை வேறாக இருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். மாணவிக்கு 18 வயது நிரம்பவில்லையா? முதலாம் ஆண்டில் 17 வயதுப் பிள்ளைகள் நிறைய உண்டு. அப்போது போக்சோ. விஷயம் தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் அமுக்கினால், நிறுவனத் தலைவருக்கே ஒரு வருஷம் வரை சிறை.

போனால் பலன் உண்டா? அருப்புக்கோட்டையைப் பாருங்கள். 2018-ல் கல்லூரி உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி, 'மேலிடத்தை அனுசரித்துப் போங்க' என்கிற தோரணையில் நான்கு மாணவிகளிடம் போனில் பேசினார். அந்தப் பெண்கள் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதுதான் சாட்சி. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. கூடவே குற்றம் சாட்டப்பட்ட பல்கலைக்கழகத்துக்காரர்கள் இருவர் விடுதலை ஆனார்கள். ஆறு வருஷம் ஆயிற்று. ஆனாலும் அந்த நால்வரின் நிதானம் இல்லையென்றால் வழக்கே கிடையாது.

அடுத்தது அண்ணா பல்கலைக்கழகம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி வளாகத்துக்குள் ஒரு மாணவிக்குக் கொடுமை நடந்தது. அவர் துணிந்து புகார் கொடுத்தார். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை. குறைந்தது 30 ஆண்டு குறைப்பே இல்லாமல்! ஐந்தே மாதத்தில் முடிந்த வழக்கு. ஆனால் நடுவில் நடந்த கூத்து என்ன? மாணவியின் அடையாளத்தோடு எஃப்.ஐ.ஆரே வெளியில் கசிந்தது. கோபப்பட்ட உயர் நீதிமன்றம், 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. விசாரணைக்குப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் குழுவை அமைத்தது. அந்த எஃப்.ஐ.ஆரை வாட்ஸ்அப்பில் 'அடப்பாவமே' என்று சோக முகம் போட்டு ஃபார்வர்ட் பண்ணியவர்கள் யார்? நம்ம மாதிரி படித்த, ஆபீஸ் போகிற ஆசாமிகள்தான்.

தூங்கினால் என்ன ஆகும்?

ஒடிசா மாநிலம் பாலசோரில் ஒரு கல்லூரி மாணவி. வயது 20. துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தார். குழு இருந்தது, விசாரணையும் நடந்தது. ஆனால் தனக்கு நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது. 2025 ஜூலை 12-ல் கல்லூரி வளாகத்திலேயே உயிரை விடத் துணிந்தார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் உயிரை விடத் துணிந்த பிறகுதான் துறைத் தலைவரும் முதல்வரும் கைது. அந்த வேகத்தில் பாதி, ஒரு வாரம் முன்னால் இருந்திருந்தால்?

நீங்க என்ன செய்யணும்?

நாளைக்கு உங்க தங்கச்சியோ, சித்தப்பா பொண்ணோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ தயங்கித் தயங்கி உங்களிடம் வந்து சொல்லலாம். அப்போது...

முதலில், கேளுங்கள். 'நீ ஏன் அங்கே போனே?', 'என்ன டிரஸ் போட்டிருந்தே?' என்று குறுக்கு விசாரணை வேண்டாம். நீங்கள் வக்கீல் இல்லை. ஐ.சி.சி. விசாரணைக்குள் வக்கீலுக்கே அனுமதி கிடையாது!

'அவனைத் தூக்கிப் போட்டு மிதிக்கிறேன்' என்று கிளம்பாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். அடுத்த முறை அவள் வாயே திறக்க மாட்டாள்.

மெசேஜ், போட்டோ, கால் பதிவு எதையும் அழிக்க விடாதீர்கள். தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். புகாரின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.

எந்த வழி என்று முடிவு செய்ய வேண்டியது அவள். நீங்கள் கூடப் போங்கள், அது போதும். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் நம்ம பக்கம். சினிமாவில் ஹீரோ மூன்று பாட்டு வரைக்கும் பின்னாடியே போவார், நாலாவது பாட்டில் ஹீரோயின் சிரித்துவிடுவார். நிஜத்தில் 'பிடிக்கலை' என்று சொன்ன பெண்ணைத் தொடர்ந்து போனால் பாரதிய நியாய சன்ஹிதா 78-வது பிரிவு. முதல் தடவை 3 வருஷம் வரை. மறுபடியும் செய்தால் 5 வருஷம் வரை. ஜெயிலில் டூயட் கிடையாது.

கட்டி வைத்துக்கொள்ளுங்கள்

181 - பெண்கள் உதவி எண்.
112 - அவசர போலீஸ்.
1098 - 18 வயதுக்குட்பட்டோருக்கு.
1930 - ஆன்லைன் மிரட்டல், போட்டோ மார்ஃபிங்.
14416 - மனசு உடைந்திருந்தால் பேச, டெலி-மானஸ்.
15100 - இலவச சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. மருத்துவம், போலீஸ், சட்டம், தங்குமிடம், கவுன்சலிங் எல்லாம் அங்கேயே ஏற்பாடு செய்வார்கள். புகார் முதலாளி மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது.

கல்லூரியை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டாம் சார். பத்துப் பேர் வேலை செய்தாலே உங்கள் ஆபீஸிலும் இந்தக் குழு கட்டாயம். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். உறுப்பினர் விவரத்தைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கணும். திங்கட்கிழமை காலை டீ குடிக்கும்போது நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். ஆயுத பூஜை வசூல் லிஸ்ட் மட்டும்தான் தொங்குகிறது என்றால், மேனேஜரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஆபீஸ்ல புகார் குழுத் தலைவர் யாரு சார்?"