குறைந்த ஒளியில் வளரும் பவளங்கள்

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் தருகின்றன. காளான் பவளம், சுண்ணாம்புக்கூடு இல்லாத தட்டையான வட்டு போன்றது. மங்கிய ஒளியே அதற்குப் போதும். ஒளி மிகுந்தால் சுருங்கி நிறம் வெளுக்கும். அதனால் வீட்டில் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பவர்கள் அதைத் தொட்டியின் அடியில், நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும்.

சோமனூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் கடல்நீரைச் செயற்கை உப்பைக் கரைத்தே தயாரிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புகள் அதிகம், ஆர்.ஓ. நீரே ஏற்றது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் என்பது பொது அளவு. கோடையில் நீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும்.

பொத்தான் பவளங்களும் எளிதில் வளரும். ஆனால் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே, 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் பவளப்பாறைகள் உள்ளன. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். எனவே வாங்குமுன் இனத்தையும் அது வந்த வழியையும் கேட்டறிவது கட்டாயம்.