பார்த்ததும் ஊகித்ததும்

உரையாடலே இல்லாத படத்தை வைத்து மொழிப்பாடம் நடத்த முடியுமா? நானும் தயங்கியவன்தான். எட்டாம் வகுப்பில் சார்லி சாப்ளினின் ‘தி இமிக்ரண்ட்’ படத்தைக் காட்டிய பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

1917இல் வெளிவந்த இக்குறும்படம் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். முதல் பாதி, அமெரிக்காவுக்குப் பிழைக்கச் செல்வோரின் கப்பலில் நடக்கிறது. தொடக்கத்தில் சார்லி கப்பலின் ஓரத்தில் குப்புறச் சாய்ந்து, முதுகு குலுங்க நிற்கிறார். குமட்டல் தாங்காமல் வாந்தி எடுக்கிறார் என்று நினைக்கிறோம். திரும்பினால் கையில் மீன்! அடுத்து உணவுக்கூடம். கப்பல் ஆட ஆட, ஒரே சூப்புத் தட்டு மேசையில் அங்குமிங்கும் சறுக்குகிறது. எதிரெதிரே இருவர் மாறி மாறி ஒவ்வொரு கரண்டி குடிக்கிறார்கள். ஊசல்போல் ஆடும்படி கேமராவைப் பொருத்தியும், உணவுக்கூட அரங்கையே அசையும்படி அமைத்தும் இந்த ஆட்டத்தைக் காட்டினார்கள். அறிவியல் ஆசிரியருக்கும் இங்கே வேலை உண்டு.

பிறகுதான் நான் சொல்ல வந்த காட்சி. எட்னா பர்வயன்ஸ் நடித்த ஏழைப் பெண்ணின் தாயிடமிருந்து பணம் திருடுபோகிறது. சூதாட்டத்தில் வென்ற பணத்தைச் சார்லி, அழும் அப்பெண்ணுக்குத் தெரியாமல் அவள் பையில் வைக்கிறார். தனக்கும் கொஞ்சம் வேண்டுமே என்று நினைத்து, அதிலிருந்து சில நோட்டுகளைத் திரும்ப எடுக்கிறார். அந்தக் கணத்தில் பார்த்த கப்பல் பணியாளர் அவரைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறார். பையைப் பார்த்த பிறகுதான் பெண்ணுக்கு உண்மை புரிகிறது. அவர்களின் காதலும் அங்கேதான் தொடங்குகிறது.

பணியாளர் பிடிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். கரும்பலகையில் இரண்டு பத்திகள்: ‘பார்த்தது’, ‘ஊகித்தது’. “திருடினான்” என்பதை முதல் பத்தியில் எழுதச் சொன்னான் ஒருவன். “திருடுனத அவரு பாக்கல சார், கை பையில இருந்ததத்தான் பாத்தாரு” என்றாள் ஒரு மாணவி. வகுப்பு அமைதியானது. நானும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், அடுத்தவன் புத்தகப்பைக்குள் கைவிட்ட ஒரு மாணவனை வகுப்பு முன் நிறுத்தித் திட்டினேன். கீழே கிடந்த அளவுகோலை எடுத்து உள்ளே வைத்தவன் அவன். மறுநாள் தனியே அழைத்து வருத்தம் சொன்னேன். திட்டியதோ நாற்பது பேர் முன்னிலையில். இதை அன்று எட்டாம் வகுப்பில் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் எழுதிய பத்திகளில் படக்கதை குறைவு. சொந்தக் கதைகளே அதிகம். எழுதத் தயங்கும் பிள்ளைகளும் அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு மூன்று குறிப்புகள்: முதல்முறை விளக்கம் சொல்லாமல் முழுப்படத்தையும் ஓடவிடுங்கள். இரண்டாம்முறை இரண்டு இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். ஒன்று பணக் காட்சி. மற்றொன்று, சுதந்திரதேவி சிலையைக் கண்டு மகிழும் பயணிகளைப் பணியாளர்கள் கயிறு கட்டித் தடுக்கும் காட்சி. அங்கே நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும்.