மேலே போனது கீழே வரணும்!

தீபாவளி ராக்கெட்டில் நமக்கு ஒரு சௌகரியம். பாட்டிலில் நிறுத்தி, பற்றவைத்து, ஓடி வந்துவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் அது எந்த மாமியின் வடாத்தின் மேல் விழுந்தால் நமக்கென்ன!

என் அக்கா பிள்ளைக்கு அந்த சௌகரியம் கிடையாது. திருச்சியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். சிநேகிதர்களோடு சேர்ந்து ஆறடியில், மூன்று கிலோவில், ஒரு மாடல் ராக்கெட் செய்துகொண்டிருக்கிறான். போன மாதம் ஸ்ரீரங்கத்தில், ஊஞ்சலில் அதைக் குழந்தை மாதிரி கிடத்தி, நடுவிலிருந்து ஒரு சாண் நீளக் குழாயைக் கழற்றிக் காட்டினான்.

"மேல போறதுக்கு மோட்டார் போதும் மாமா. முழுசாத் திரும்பி வரணும்னா இதுதான்."

எலெக்ட்ரானிக்ஸ் பே என்று பெயர். இரண்டு பக்கமும் பிளைவுட் மூடி. உள்ளே மரை போட்ட இரண்டு கம்பிகள். அவற்றில் செருகிய பலகையில் தீப்பெட்டி அளவுக்கு ஆல்டிமீட்டர், 9 வோல்ட் பாட்டரி, ஒரு ஸ்விட்ச். குழாயின் சுவரில் சுற்றிலும் சம தூரத்தில் மூன்று பொடி ஓட்டைகள்.

அந்த ஓட்டைகள்தான் மூக்கு. நூறு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 12 மில்லிபார் குறையும். குறைந்துகொண்டே வந்து, நின்று, மறுபடி ஏற ஆரம்பித்தால் உச்சி வந்தாச்சு என்று ஆல்டிமீட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே ஒரு சிட்டிகை கரிமருந்துக்குக் கரண்ட் போகும். டப்! புகை குழாயைப் பிரித்துத் தள்ள, பாராசூட் வெளியே வரும். வராவிட்டால்? 3000 அடியிலிருந்து மூக்கு கீழாக, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இறங்கும். கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்காது.

"அப்ப மேலயே பெரிய குடையா விரிச்சுட வேண்டியதுதானே?" என்றேன்.

பயல் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டான். 3000 அடி என்றால் நம் ராஜகோபுரத்தை (236 அடி) ஒன்றின் மேல் ஒன்றாகப் பன்னிரண்டே முக்கால் தடவை அடுக்க வேண்டும். பெரிய பாராசூட்டில் விநாடிக்கு 5 மீட்டர் இறங்கினால் மூன்று நிமிஷம். ஆடிக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் அடித்தால், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும். ரங்கநாதர் கோயிலில் விட்டதை ஜம்புகேஸ்வரரிடம் போய்க் கேட்க வேண்டியதுதான். அதனால் உச்சியில் சின்னதாக ஒன்று. அதில் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மளமளவென்று இறங்கி, 500 அடி, அதாவது இரண்டு கோபுர உயரம் வந்ததும் பெரியது. நகர்வு 570 மீட்டராகக் குறைகிறது.

படுத்துவதெல்லாம் சில்லறை விஷயங்கள்தான். மூடியின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தால் மருந்துப் புகை பேக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றிவிடும். ஆல்டிமீட்டர், தரை வந்துவிட்டது என்று நினைத்துப் பெரிய பாராசூட்டை உச்சியிலேயே அவிழ்க்கும். கிளம்பும் வேகத்தில், 45 கிராம் பாட்டரி கிட்டத்தட்ட அரைக் கிலோவாகக் கனக்கும். கட்டிவைக்காவிட்டால் கனெக்ஷனைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஸ்விட்ச் போட்டதும், மருந்துக்குப் போகும் ஒயர்கள் எல்லாம் சரியென்றால் மூன்று பீப். எங்கள் மேனேஜரைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அந்த ஸ்விட்சை ராக்கெட் செங்குத்தாக நின்ற பிறகுதான் போடுவார்கள். கையில் வைத்துக்கொண்டு போட்டால் விரல்கள் போகும்.

அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஆத்துக்குள்ள கரிமருந்து வந்தா நான் வெளில போயிடுவேன்." சரியான பேச்சு. கரிமருந்துக்கு லைசென்ஸ் வேண்டும். ராக்கெட்டுக்கு அனுமதி வேண்டும். தவிர, திருச்சிக்கு ஒரு ஏர்போர்ட் இருக்கிறது. கொள்ளிடத்து மணல் காலியாகத்தானே கிடக்கிறது என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

இதே திருச்சியில், செயின்ட் ஜோசப் காலேஜில் பிஸிக்ஸ் படித்த அப்துல் கலாமுக்கு, 1963 நவம்பர் 21-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோது கொடுத்திருந்த வேலையும் ராக்கெட்டைப் பூட்டுவதும் பாதுகாப்பும்தான். கவுன்ட்டவுன் சொல்கிறவரைத்தான் சினிமாவில் காட்டுகிறார்கள்!

நாளைக்கு மனிதர்களையே ஏற்றப்போகிற ககன்யானிலும் இதே கதைதான், பெரிய அளவில். 2023 அக்டோபர் 21-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆளில்லாமல் ஒரு கலத்தை அனுப்பி, பாதி வழியில் பிரித்து, வங்காள விரிகுடாவில் இறக்கிப் பார்த்தார்கள். ககன்யான் கலத்தில் பாராசூட் மொத்தம் 10. மேல் மூடியைத் தூக்க 2, வேகத்தைக் குறைக்க 2, பெரியதை வெளியே இழுக்க 3, கடைசியாகப் பெரியது 3. அந்த மூன்றில் இரண்டு விரிந்தாலே போதும். மூன்றாவது எதற்கு? உள்ளே இருப்பவர்களின் அம்மாக்களுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளையின் ராக்கெட் இன்னும் பறக்கவில்லை. தரையிலேயே கிடத்தி, எல்லோரும் தள்ளி நின்று, நீளமான ஒயரில் மருந்தை மட்டும் வெடித்துப் பார்த்தார்கள், ஒரு மைதானத்தில், புரொபஸர் முன்னிலையில். முதல் தடவை புஸ்ஸென்று புகை வந்ததோடு சரி, குழாய் பிரியவில்லை. வழியில் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க நைலான் திருகாணிகள் போட்டிருந்தான், நாலு. இரண்டைக் கழற்றினான். அடுத்த தடவை மூக்கு பத்தடி தள்ளிப்போய் விழுந்தது. பின்னாலேயே ஆரஞ்சுத் துணி பொலபொலவென்று வந்தது.

துணியை ஹெம் அடித்துக் கொடுத்தது அக்காதான். நைலான் துணி என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.